ரோலாவிலிருந்து பெரம்பூருக்கு 312 கிலோ

சார்ஜாவில் ஒன்பது வருடம் குடியிருந்துவிட்டு 2023 ஏப்ரலில் குடும்பத்தோடு சென்னைக்குத் திரும்பினோம். வீட்டுச் சாமான்களை டோர் டு டோர் கார்கோவில் கடல் வழியாக அனுப்பினோம். மொத்தம் 14 பெட்டி, 312 கிலோ. பெரம்பூர் வந்ததிலிருந்து அங்கே இருக்கும் தோழிகள் ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள்: எவ்வளவு ஆச்சு, நம்பி அனுப்பலாமா, எதையாவது உடைச்சாங்களா? எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிப் பார்த்தேன், ஒருவருக்குச் சொன்னது இன்னொருவருக்கு விட்டுப்போகிறது. அதனால் முழுவதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

கடையின் பெயரைப் போடவில்லை. ரோலாவில் இந்த வேலை செய்கிற கடைகள் வரிசையாக இருக்கின்றன, எல்லாவற்றிலும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். பெயரைவிட, எந்த இடத்தில் என்ன கேட்க வேண்டும் என்பதுதான் உங்களுக்கு உதவும்.

சார்ஜா தெரியாதவர்களுக்கு: ரோலா அந்த ஊரின் பழைய கடைத்தெரு. நம் பாரிமுனை போல நினைத்துக்கொள்ளலாம். பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்சுகள், கார்கோ கடைகள், வாழையிலையும் முருங்கைக்காயும் விற்கும் நம் ஊர் மளிகைகள், சரமாகக் கட்டிய மல்லிகைப்பூ. விடுமுறை நாள் மாலையில் தமிழும் மலையாளமும் வங்காளமும் கலந்து ஒரே இரைச்சலாக இருக்கும். ரோலா என்ற பெயரே அங்கே ஒரு காலத்தில் நின்ற பெரிய ஆலமரத்தால் வந்தது. மரம் இப்போது இல்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அடையாறு ஆலமரத்தைச் சுற்றி ஓடியவள் நான். பெயருக்கு இப்படி ஓர் அர்த்தம் என்று தெரிந்த அன்றைக்கு அந்த ஊர் எனக்குக் கொஞ்சம் நெருங்கி வந்தது.

மூன்று கடைகளில் விலை கேட்டேன். கடல் வழிக்குக் கிலோவுக்கு 4.50, 5, 6 திர்ஹம் என்று சொன்னார்கள். விமானத்தில் என்றால் 13. நான் 5 திர்ஹம் கடையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. மற்ற இரண்டு கடைகளிலும் முதல் கேள்வி "எத்தனை கிலோ?" என்பதுதான். இங்கே கல்லாவில் இருந்த மலையாளி அண்ணன், "சேச்சி, லீவுக்குப் போறீங்களா, ஒரேயடியா போறீங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்து நிரந்தரமாகத் திரும்புகிறவர்களுக்கு, நாங்கள் வந்தபோது இருந்த 2016-ஆம் ஆண்டு சுங்க விதிகளில், வீட்டுச் சாமானுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வரிச் சலுகை இருந்தது. லீவுக்கு வருகிறவருக்கு அது கிடையாது. பிளாட் டிவி அந்தச் சலுகையில் வராது, வரி கட்ட வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். எங்கள் டிவியைப் பக்கத்துக் கட்டடத்துக்காரருக்கு 300 திர்ஹத்துக்குக் கொடுத்துவிட்டோம். விதிகள் அவ்வப்போது மாறும், நீங்கள் கிளம்பும் மாதத்தில் என்ன விதி என்று கேட்டுக்கொண்டு பெட்டி கட்டுங்கள்.

கணக்கு இதுதான். 312 கிலோவுக்கு 1,560 திர்ஹம். பெட்டி ஒன்றுக்குக் கட்டுக்கூலி 12 திர்ஹம் வீதம் 168. ஆக 1,728. அப்போது ஒரு திர்ஹம் இருபத்திரண்டரை ரூபாய் இருந்ததால் நம் பணத்தில் 38,880 ரூபாய். இதற்கு மேல் சென்னையில் ஒரு பைசா கிடையாது, வாசலில் இறக்கித் தருவது வரை எல்லாம் சேர்ந்தது என்றார்கள். 25 நாளில் வந்துவிடும் என்றும் சொன்னார்கள். இரண்டும் நடக்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

பெட்டி கட்ட ஆள் வந்தது மார்ச் 28. அப்போது நோன்பு தொடங்கி ஐந்தாறு நாள் ஆகியிருந்தது. ரமலான் மாதத்தில் அந்த ஊரின் கடிகாரமே மாறிவிடும். பகல் அடங்கிக் கிடக்கும், நோன்பு திறந்த பிறகுதான் தெரு எழுந்திருக்கும். இரண்டு பையன்கள் இரவு பத்தரை மணிக்கு அட்டைப் பெட்டிகளும் ஸ்ட்ரெச் ஃபிலிம் உருளையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள், இரண்டரை மணிக்குத்தான் முடித்தார்கள். ஒருவன் நேபாளம், ஒருவன் மலப்புறம். வேலை சுத்தம். கண்ணாடிச் சாமான் ஒவ்வொன்றையும் தனியாகச் சுற்றினார்கள், பெட்டியின் மூலைகளுக்கு இரண்டு அடுக்கு அட்டை வைத்தார்கள், ஒவ்வொரு பெட்டியிலும் என்ன இருக்கிறது என்று நான் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதினார்கள். ஆறு பக்கமும் மார்க்கரால் பெயர், பெரம்பூர் விலாசம், பின்கோடு. இந்தப் பகுதிக்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.

ஒரே ஒரு இடத்தில் தவறு. வெட் கிரைண்டர். 2014-இல் போகும்போது கையோடு கொண்டுபோன இரண்டு லிட்டர் டேபிள்டாப் கிரைண்டர் அது. குழவிக் கல்லை வெளியே எடுத்துத் தனிப் பெட்டியில் போடுங்கள் என்று இரண்டு முறை சொன்னேன். தலையாட்டிவிட்டு, நான் குழந்தையைத் தூங்க வைக்கப் போன நேரத்தில் கல்லை டிரம்முக்குள்ளேயே துணி சுற்றி வைத்து மூடிவிட்டார்கள். இது எனக்குப் பெரம்பூரில்தான் தெரிந்தது.

அந்த நோட்டில் இருந்த பட்டியலின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதைப் படித்தால் நாங்கள் அங்கே எப்படி வாழ்ந்தோம் என்று தெரிந்துவிடும்.

நான்காம் பெட்டியில் துணி காயப்போடும் மடக்கு ஸ்டாண்ட். சார்ஜாவில் பால்கனியில் துணி தொங்கவிடக் கூடாது, தெருவிலிருந்து பார்த்தால் அசிங்கம் என்று நகராட்சி அபராதம் போடும். ஒன்பது வருடமும் எங்கள் துணி ஹாலில்தான் காய்ந்தது. சாயங்காலம் யாராவது வீட்டுக்கு வந்தால் ஸ்டாண்டை அப்படியே தூக்கி படுக்கையறையில் வைத்துவிட்டுக் கதவைத் திறப்பேன்.

ஒன்பதாம் பெட்டியில் என் வீட்டுக்காரரின் சாப்பாட்டுப் பை. அவருக்கு வேலை துபாயின் மறுகோடியில் உள்ள துறைமுகப் பகுதியான ஜெபல் அலியில். வீடு சார்ஜாவில் அபு ஷகாராவில். நாங்கள் போன புதிதில் அந்தத் தெருக்கள் முழுவதும் பழைய கார் விற்கும் கடைகள், பிறகு அவை ஊருக்கு வெளியே போய்விட்டன. ஒரு படுக்கையறை வீட்டுக்கு வருட வாடகை 32,000 திர்ஹம், நான்கு பின்தேதியிட்ட செக்குகளாகக் கொடுத்தோம். ஏறக்குறைய அதே அளவு வீட்டுக்குத் துபாயின் கராமாவில் அவருடைய ஆபீஸ் நண்பர் 65,000 கொடுத்துக்கொண்டிருந்தார். வருடத்துக்கு 33,000 திர்ஹம் மிச்சம். அந்தப் பணத்தில்தான் மாமனாரின் ஆபரேஷன் நடந்தது, பெரம்பூர் வீட்டு மாடி எழுந்தது. அதை நான் மறக்க மாட்டேன்.

ஆனால் காலை ஐந்தேகாலுக்குக் கம்பெனி வேன். அதற்குள் சாப்பாடு கட்ட வேண்டும். திரும்பி வர இரவு எட்டு. இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள இத்திஹாத் சாலையில் மாலை நேரத்தில் நிற்கும் வண்டிகளைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாடகை குறைவு என்று சார்ஜாவில் குடியிருந்துகொண்டு துபாயில் வேலை பார்ப்பவர்கள் அத்தனை பேரும் அந்தச் சாலையில்தான் நிற்கிறார்கள். ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாளுக்கு மூன்றரை மணி நேரம், வருடத்துக்கு 280 நாள், ஒன்பது வருடம். 8,820 மணி நேரம். இருபத்து நான்கால் வகுத்தால் 367 நாள். ஒரு முழு வருடத்தை அந்த வேனில் உட்கார்ந்தே கழித்திருக்கிறார். மகள் நடக்கத் தொடங்கியதையும் முதல் பல் விழுந்ததையும் அவர் போனில் கேட்டார். சார்ஜாவில் வீடு பார்க்கலாமா என்று இங்கே யாராவது கேட்டால், வேலை எங்கே என்றுதான் முதலில் கேட்கிறேன். சார்ஜாவிலோ பக்கத்து ஊரான அஜ்மானிலோ வேலை என்றால் யோசிக்காமல் போகலாம். ஜெபல் அலி என்றால் இந்தக் கணக்கைச் சொல்கிறேன்.

ஆறாம் பெட்டி முதல் ஒன்பதாம் பெட்டி வரை பாதிக்குப் பாதி புத்தகம், 86 கிலோ. சார்ஜாவைக் கட்டுப்பாடான ஊர் என்றே எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் அது புத்தகத்துக்கு இவ்வளவு செலவழிக்கும் ஊர் என்பதை யாரும் சொல்வதில்லை. நவம்பரில் எக்ஸ்போ சென்டரில் நடக்கும் புத்தகக் கண்காட்சி 1982-இலிருந்து நடக்கிறது. 2019-ஆம் ஆண்டுக்கான உலகப் புத்தகத் தலைநகராக யுனெஸ்கோ அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தது. நுழைவு இலவசம். என் மகள் தள்ளுவண்டியில் போன வயதிலிருந்து ஒரு வருடம் கூட விடவில்லை. அங்கே பள்ளியில் அரபி கட்டாயப் பாடம், அதனால் அரபிக் கதைப் புத்தகங்களைத் தானே எழுத்துக் கூட்டிப் படிப்பாள். இப்போது சென்னையில் தமிழ் எழுத்து பழகிக்கொண்டிருக்கிறாள். பழக்கம் மாறாமல் சில நாள் நோட்டை வலது பக்கத்திலிருந்து திறக்கிறாள். கிலோவுக்கு 5 திர்ஹம் என்பது புத்தகத்துக்கு நியாயமான விலை. ஒன்றுகூட நனையவில்லை, மடங்கவில்லை.

கட்டுப்பாட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தோழிகள் அதையும் கேட்கிறார்கள். சார்ஜாவில் 1985-இலிருந்து மது கிடையாது. ஹோட்டலிலும் கிடையாது. உடை, பொது இடத்தில் நடந்துகொள்ளும் முறை பற்றி 2001-இலிருந்து தனி விதிகள் உண்டு. நான் சுடிதாரும் புடவையும் கட்டுகிறவள், என் தினசரி வாழ்க்கையில் அந்த விதிகளால் ஒன்றும் மாறவில்லை. மாறியது வேறு ஒன்று. வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு மகள் கையைப் பிடித்துக்கொண்டு புஹைரா கார்னிஷ் என்ற நீரோர நடைபாதையில் நடப்பேன். ஏரி போல உள்ளே வந்த கடல் நீர், கரையில் விளக்கு போட்ட நூர் பள்ளிவாசல், பெஞ்சுகளில் குடும்பம் குடும்பமாக மக்கள். கழுத்துச் சங்கிலியைத் துப்பட்டாவால் மூட வேண்டும் என்ற நினைப்பே வராது. குடித்துவிட்டு எதிரே வருகிற ஆள் கிடையாது. பெரம்பூரில் பிறந்து வளர்ந்த எனக்கு முப்பத்திரண்டு வயதில்தான் அப்படி ஒரு நடை கிடைத்தது. இப்போது இரவு ஒன்பதுக்கு மேல் பாலுக்குப் போக வேண்டும் என்றாலும் அத்தை, "இரும்மா, அவன் வந்துடுவான்" என்கிறார்கள்.

அதே விதிகள் என் தம்பிக்கு வேறு மாதிரி இருந்தன. 2017-இல் வேலைக்கு வந்தான், கல்யாணம் ஆகவில்லை. குடும்பங்கள் இருக்கும் கட்டடத்தில் தனி ஆண்களுக்கு வீடு தர மாட்டார்கள். எங்கள் கட்டடத்தில் தங்கினாலும் காவலாளி வந்து கேட்பார். ரோலாவில் ஒரு அறையில் ஆறு பேர், அதில் ஒரு கட்டில் என்று எட்டு மாதம் இருந்தான். பிறகு அஜ்மானுக்குப் போய்விட்டான். சொந்த அக்கா அதே ஊரில் இருந்தும் அவனை நான் வைத்துக்கொள்ள முடியவில்லை. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அந்த ஊர் தரும் நிம்மதியைத் தனியாகப் போகிறவனுக்குத் தருவதில்லை. பிள்ளையை அனுப்பும் பெற்றோர் இதைத் தெரிந்துகொண்டு அனுப்ப வேண்டும்.

இன்னொன்று, 2022 ஜனவரியிலிருந்து சார்ஜாவில் அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் விடுமுறை. நான் பள்ளி ஆசிரியை, எனக்கு நான்கு நாள்தான் வேலை. அவருக்குத் துபாய்ப் பக்கக் கணக்கு, சனி ஞாயிறு மட்டும். வெள்ளிக்கிழமைகளில் நானும் மகளும் ஜுபைல் மார்க்கெட் போய் மீன் வாங்குவோம். நல்ல வஞ்சிரம் கிடைக்கும். அங்கேயே சுத்தம் செய்து துண்டு போட்டுத் தருவார்கள்.

சரி, பெட்டிக்கு வருவோம். பதினோராம் பெட்டியில் ஒரு பீங்கான் தட்டு இருந்தது, வெள்ளையில் நீலக் கோடு. அது என்னுடையது இல்லை. எதிர்வீட்டில் சிரியாவிலிருந்து வந்த உம்மு கரீம் என்ற ஒரு அம்மா இருந்தார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு அரபி தெரியாது, நடுவில் மொழிபெயர்ப்பு என் மகள். ஒவ்வொரு ரமலானிலும் நோன்பு திறக்கும் நேரத்துக்கு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி ஏதாவது தருவார்கள். வெறும் தட்டைத் திருப்பித் தரக் கூடாது என்று எங்கள் வீட்டில் பழக்கம், அதனால் கேசரியோ சுண்டலோ பாயசமோ வைத்துக் கொடுப்பேன். அவர்கள் வீட்டிலும் அதே பழக்கம் போலிருக்கிறது, என் கிண்ணமும் காலியாக வந்ததே இல்லை. பெட்டி கட்டிய அன்றும் தட்டு வந்தது. பையன்களுக்கும் சேர்த்து நிறையவே இருந்தது. எல்லோரும் சாப்பிட்டோம், கழுவி வைத்தேன், அந்தப் பையன்கள் சமையலறைச் சாமானோடு சேர்த்துச் சுற்றிக் கட்டிவிட்டார்கள். ஏப்ரல் 2 விமானம் ஏறும் வரை எனக்கு அந்தத் தட்டு நினைவுக்கே வரவில்லை.

பிறகு காத்திருப்பு. முதல் மூன்று வாரம் கண்காணிப்பு எண்ணைப் போட்டால் "கிடங்கில் உள்ளது" என்றே வந்தது. போன் செய்தால் "இந்த வாரம் கிளம்பிடும் சேச்சி". கடைசியில் வீட்டுக்காரர் தெரிந்தவர் மூலம் விசாரித்தார். இந்தக் கடைகள் நமக்கென்று தனிக் கன்டெய்னர் பிடிப்பதில்லை. பல வீட்டுச் சாமான்களைச் சேர்த்து ஒரு கன்டெய்னர் நிரப்புவார்கள், நிரம்பினால்தான் கப்பல் ஏறும். நோன்பு மாதத்தில் சரக்கு குறைவாக வந்ததால் எங்கள் பெட்டிகள் ஜெபல் அலியில் பதினெட்டு நாள் கிடந்தன. அவர் ஒன்பது வருடம் போய்வந்த அதே ஜெபல் அலி. கப்பல் கிளம்பிய பிறகு கடல் பயணம் பெரிய தாமதம் இல்லை. ஆகவே 25 நாள் என்று சொன்னால், கன்டெய்னர் எப்போது மூடப்படும், எந்தக் கப்பலில் போகும் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையில் ஒரு மாதம் கூட்டியே கணக்கு வையுங்கள்.

மே 9 அன்று சென்னை ஏஜென்ட் கூப்பிட்டார். பெட்டி வந்துவிட்டது, டெலிவரி ஆர்டர், கிடங்கு வாடகை, கூலி எல்லாம் சேர்த்து 6,200 ரூபாய் கட்டினால்தான் வெளியே எடுக்க முடியும் என்றார். எல்லாம் சேர்த்து அங்கேயே கட்டியாகிவிட்டது என்றேன். "அது அங்க மேடம், இது இங்க" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்ன கிடங்கு வாடகை அவர்கள் பக்கத் தாமதத்தால் வந்தது. இரண்டு நாள் விடாமல் பேசினேன். எந்தத் தொகைக்கு எந்த ரசீது என்று எழுதிக் கொடுங்கள், கட்டுகிறேன் என்றேன். ரசீது என்றதும் 6,200 ரூபாய் 3,800 ஆகிவிட்டது. அதற்கு ரசீது வந்தது, கட்டினேன். அங்கே பணம் கட்டும் அன்றே, "சென்னையில் வேறு கட்டணம் இல்லை" என்று பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய் வார்த்தையை நம்பியதில் எனக்கு 3,800 ரூபாய் போனது.

மே 15 திங்கட்கிழமை சாமான் வந்தது. 48-ஆம் நாள். கத்திரி வெயில். குட்டியானை வண்டியில் இரண்டு பேர் வந்தார்கள், ராயபுரத்துக்காரர்கள். வாசல் வரைதான் அவர்கள் வேலை. எங்கள் வீடு இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. "அக்கா, படியைப் பார்த்துச் செஞ்சு கொடுங்க" என்றார்கள். 14 பெட்டியையும் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். எங்கும் உரசவில்லை, எதையும் போடவில்லை. 700 ரூபாய் கொடுத்தேன், அத்தை இருவருக்கும் நீர்மோர் கரைத்துக் கொடுத்தார்கள். மொத்தச் செலவு 43,380 ரூபாய்.

பெட்டிகளைப் பிரித்தது ஒரு திருவிழா. முதல் பெட்டியில் சொந்தக்காரர்களுக்கான சாமான்: பால் பவுடர், டாங், கோடாலித் தைலம், பேரீச்சம்பழம், பிஸ்தா. இதெல்லாம் பர்மா பஜாரிலேயே கிடைக்கிறதே என்று வீட்டுக்காரர் கேட்டார். கிடைக்கும். ஆனால் அத்தைக்குத் தெரு முழுக்க, "என் பையன் கொண்டுவந்தது" என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். அந்த 22 கிலோவுக்கு நான் கொடுத்த 110 திர்ஹம் எனக்கு வீணாகத் தெரியவில்லை. இரண்டு பெரிய கம்பளிகள் வந்தன. சென்னைக்கு அவை தேவையே இல்லை, இரண்டும் சேர்ந்து பதினொரு கிலோ. அவற்றை அங்கேயே கொடுத்துவிட்டு வந்திருக்கலாம்.

ஒரு சின்ன விஷயம். அங்கே வாங்கிய மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், ரைஸ் குக்கர் எல்லாவற்றுக்கும் சதுரக் கால் வைத்த பெரிய பிளக். மின்சாரம் இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான், சாமான் நன்றாக ஓடும். ஆனால் நம் சுவிட்ச் போர்டில் அந்தப் பிளக் நுழையாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எல்லாவற்றுக்கும் பிளக் மாற்றினோம். பெட்டி வருவதற்கு முன்பே மாற்று பிளக் வாங்கி வைத்தால் முதல் நாள் காபிக்குத் திண்டாட வேண்டாம்.

ஏழாம் பெட்டியைத் திறந்தபோதே தெரிந்தது, ஒரு மூலை நசுங்கியிருந்தது. கிரைண்டரின் உடம்பு கீழிருந்து மேல் வரை விரிசல். கல் உள்ளே உருண்டு உருண்டு டிரம்மையும் ஒரு பக்கம் தட்டியிருந்தது. படம் எடுத்து அன்றே அனுப்பினேன். இன்சூரன்ஸ் போடவில்லையே என்றார்கள். போடலாமா வேண்டாமா என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை, படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. மூன்று மாதம் எழுதிக்கொண்டே இருந்த பிறகு, அடுத்த முறை சரக்கு அனுப்பும்போது 100 திர்ஹம் கழித்துக்கொள்கிறோம் என்றார்கள். ஒரேயடியாகத் திரும்பி வந்தவளுக்கு அடுத்த முறை ஏது? இதை அவர்களுக்கும் எழுதினேன், பதில் இல்லை. பேப்பர் மில்ஸ் ரோட்டில் ஒரு சர்வீஸ் கடைக்காரர் 1,350 ரூபாய்க்கு உடம்பை மாற்றி, டிரம்மைத் தட்டி நேராக்கிக் கொடுத்தார். இப்போது முன்னைவிடச் சத்தம் கொஞ்சம் அதிகம், மாவு பழையபடி பொங்குகிறது.

ஐந்துக்கு எத்தனை என்றால், கட்டியதற்கும் தூக்கியதற்கும் ஐந்து. அந்த நான்கு பேருக்கும் நான் நன்றிக்கடன்பட்டவள். நேரத்துக்கும் பேச்சு சுத்தத்துக்கும் இரண்டு. உடைந்ததற்குப் பதில் சொன்ன விதத்துக்கு ஒன்று. துணி, புத்தகம், பாத்திரம், கம்பளி அனுப்புவதானால் நம்பி அனுப்பலாம். மோட்டார் உள்ள எதையும், கல் உள்ள எதையும் அனுப்புவதானால் பக்கத்திலேயே நின்று கட்ட வைத்து, இன்சூரன்ஸ் போட்டு அனுப்புங்கள். அவசரமாக வேண்டிய பள்ளிச் சான்றிதழ், மருந்துச் சீட்டு, ஒரு மாதத்துக்கான உடுப்பு ஆகியவை கையோடு வர வேண்டும்.

பதினோராம் பெட்டியில் ஒரு கண்ணாடி டம்ளர் கூட உடையவில்லை. நடுவில் மூன்று சுற்று சுற்றிய பொட்டலமாக அந்த நீலக் கோட்டுத் தட்டு இருந்தது. மகள்தான் பிரித்தாள், பார்த்ததும், "அம்மா, இது உம்மு கரீமுடையது" என்றாள். அன்று இரவே அவர்களுக்குக் குரல் செய்தி அனுப்ப வைத்தேன். வைத்துக்கொள், உன்னுடையதாகவே இருக்கட்டும் என்று பதில் வந்தது. எனக்கு மனம் ஒப்பவில்லை. அபு ஷகாராவில் இருக்கும் தோழி இந்த டிசம்பரில் லீவுக்கு வருகிறாள். திரும்பிப் போகும்போது தட்டை அவள் கையோடு கொடுத்து அனுப்பப் போகிறேன். அதில் வைக்க என்ன செய்யலாம் என்று அத்தையிடம் கேட்டேன். நாலு மணி நேர விமானம், ஊசிப்போகாமல் இருக்க வேண்டும், பொட்டுக்கடலை முறுக்குதான் சரி என்றார்கள். மாவு இந்த வாரம் அரைக்கக் கொடுக்கிறோம்.